எத்தனை பர்சன்ட்?

தீக்காய வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களிடம், பார்க்க வருகிறவர்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை பர்சன்ட்?" முப்பது என்றால் ஆறுதல் சொல்வார்கள். அறுபது என்றால் பேச்சு நின்றுபோகும். எண்பதைத் தாண்டினால் யாராவது ஒருவர் ஊருக்குப் போன் செய்ய எழுந்து போவார். மறுநாள் செய்தித்தாளிலும் பெயருக்கும் வயதுக்கும் அடுத்தபடியாக அந்த எண் இருக்கும். தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாதவர்கூட இந்தக் கணக்கை மறக்காமல் கேட்டு வைத்துக்கொள்வார்.

கணக்கு எளிமையானது. ஒருவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். பெரியவர்களுக்கு ஒன்பதுகளின் விதி என்று ஒன்று உண்டு: தலையும் கழுத்தும் சேர்ந்து 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, மிச்சமுள்ள 1 பிறப்புறுப்புக்கு. குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் இது பொருந்தாது. அவர்களுக்கு வயதுவாரியாகக் கணக்குச் சொல்லும் லண்ட்–பிரவுடர் படம். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். அந்தத் தீயில் வெந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த அனுபவத்தோடு லண்டும் பிரவுடரும் 1944இல் வெளியிட்ட படம் அது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் நான்கு மில்லி வீதம் முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதற்கு இந்தச் சதவீதம் வேண்டும். பிழைப்பாரா என்று பார்க்கவும் வேண்டும். 1961இல் செர்ஜ் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் வயதையும் சதவீதத்தையும் கூட்டச் சொன்னார். கூட்டுத்தொகையே இறப்பின் சாத்தியம். நாற்பது வயதுக்காரருக்கு அறுபது சதவீதம் என்றால் நூறு. இன்றைய சிகிச்சையில் அந்தக் கணக்கு அவ்வளவு கறாராக இல்லை.

ஆக, திரவத்துக்காகவும் சாவுக்காகவும் பிறந்த எண் இது. முதல் சில நாட்களோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிழைத்து வீட்டுக்குப் போனவரை விட்டு அது போவதில்லை. பத்து வருஷம் கழித்தும் தெருவில் அவர் "எழுபது பர்சன்ட் எரிஞ்சு பொழச்சவங்க"தான். அந்தப் பத்து வருஷமும் எப்படிப் போயின என்பதற்கு மட்டும் நம்மிடம் எண் எதுவும் கிடையாது.

கோகோநட் குரோவ் தீயிலிருந்து இன்னொரு காகிதமும் வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், உயிர் தப்பியவர்களோடும் இறந்தவர்களின் வீட்டாரோடும் பேசிப் பார்த்துத் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. அதுவும் 1944தான். படம் உலகத்துத் தீக்காய வார்டுகளின் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. கட்டுரை மனநல மருத்துவர்களின் அலமாரிக்குப் போய்விட்டது. ஒரே தீயில் வெந்த உடம்பையும் ஆளையும் இப்படி இரண்டு துறைகள் பிரித்துக்கொண்டன. இரண்டையும் ஒரே தாளில் கேட்க இன்னும் 38 வருஷம் ஆயிற்று. 1982இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிளேட்ஸ், மெல்லிஸ், மன்ஸ்டர் என்ற மூவர் தீக்காயக்காரர்களுக்கென்றே 114 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். புண் ஆறாத கையோடு 114 கேள்விக்குப் பதில் எழுதுவது யாராலும் ஆகிற காரியமில்லை. அது 80 ஆயிற்று, வேறொரு குழுவின் கையில் 31 ஆயிற்று, 2001இல் ஸ்வீடனின் உப்சாலாவில் 40 கேள்விகளில் வந்து நின்றது. இன்று உலகத்தில் அதிகம் புழங்குவது இந்த நாற்பதுதான்.

அந்த நாற்பதும் ஒன்பது தலைப்புகளில் அடங்கும். குளிப்பது, உடுத்துவது போன்ற எளிய காரியங்கள், கை வேலை, வெயில் தாங்குவது, தொடர் சிகிச்சையின் தொல்லை, தொழில், தன் உருவம், மனநிலை, வீட்டாரோடும் நண்பரோடும் உறவு, தாம்பத்தியம். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். நான்கு என்றால் தொல்லையே இல்லை என்று அர்த்தம். இந்தத் தலைப்புகளைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெந்த தோலைத் தாண்டி வேலை, வெயில், படுக்கையறை வரைக்கும் கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் டிஸ்சார்ஜ் சீட்டில் இவற்றில் எதுவும் இல்லை.

ஆனால் கை வேலை என்ற தலைப்பின்கீழ் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கையெழுத்துப் போட முடிகிறதா, ஷூ லேஸ் கட்ட முடிகிறதா, மேஜைமேல் கிடக்கும் காசைப் பொறுக்க முடிகிறதா, பூட்டைத் திறக்க முடிகிறதா, ஸ்பூன் முள்கரண்டி பிடித்துச் சாப்பிட முடிகிறதா. வெந்த கை ஆறும்போது இறுகும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் சுருங்கி, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கமாக இழுத்துக்கொள்ளும்; விரல் கணுக்கள் பின்னால் வளைந்து நிற்கும். பிசியோதெரபி அறையில் காசு பொறுக்கும் பயிற்சி தினமும் நடக்கிறது, அதில் தேறியும் விடுகிறார்கள். ரசம் சாதம் வேறு பரீட்சை. பிசைய வேண்டும், ஒழுகாமல் கூட்ட வேண்டும், நான்கு விரல் நுனியில் ஏந்தி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். ஐந்து விரலும் ஐந்து வேலை செய்யும் காரியம் அது. ஸ்பூனால் சாப்பிடுகிறவருக்கு உப்சாலா தாள் முழு மதிப்பெண் கொடுத்துவிடும். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்பூன் கேட்க வேண்டுமே என்று கல்யாணங்களுக்கே போகாமல் நின்றுவிட்டவர் அந்தத் தாளில் நான்கு வாங்கிய ஆள்தான்.

ரவிக்கை ஊக்கு இன்னொன்று. அதை மாட்ட முடியாதவர் நைட்டிக்கு மாறுகிறார். உடுத்துவதில் சிரமம் இல்லை என்ற பதிலும் வந்துவிடுகிறது. ஆனால் நைட்டியோடு எவ்வளவு தூரம் போகமுடியும்? தெருமுனைக் கடை வரைக்கும். கக்கம் ஒட்டிக்கொண்டால் தலை பின்ன முடியாது, கொடியில் துணி போட முடியாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. முழங்காலுக்குப் பின்னால் தோல் இறுகினால் குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. கக்கூஸ் இந்திய முறையில் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. ரேகை அழிந்த விரலை ரேஷன் கடை மிஷின் ஏற்பதில்லை. கையெழுத்துப் போட வருகிறதா என்ற கேள்விக்கு இங்கே சமமான கேள்வி, மிஷின் உங்கள் விரலை எடுத்துக்கொள்கிறதா என்பது. இதெல்லாம் போக, ஒன்பது தலைப்பிலும் அடுப்பு இல்லை. அடுப்படியில் எரிந்துபோன பெண், பிழைத்து வந்தபின் நிற்கப்போவது அதே அடுப்படியில். லைட்டரை முதல் தடவை அழுத்தும்போது அவளுக்கு என்ன ஆகிறது என்று யார் கேட்பது?

வெயிலுக்கு மட்டும் தனித் தலைப்பு கொடுத்து ஐந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட தோலில் வியர்வைச் சுரப்பி இருக்காது. உடம்பின் பாதி அப்படியென்றால், மிச்சப் பாதிதான் மொத்த உடம்புக்கும் வியர்க்க வேண்டும். வெயிலைத் தேடிப் போகும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க நினைத்தார்களே என்று ஆச்சரியமாக இருக்கிறது. வேலூரில் மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்லிக் கொடுத்த அழுத்த உடையைப் போட்டுக்கொண்டு இருப்பவர் அந்த ஐந்துக்கும் என்ன மதிப்பெண் போடுவார்? பலர் அந்த உடையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தழும்பு தடித்துவிடுகிறது. "சொன்னபடி கேக்கல" என்று திட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். சதவீதம் கூடக்கூட வாழ்க்கை மோசமாகும் என்று நாம் நினைக்கிறோமே, அளந்து பார்த்தவர்களுக்கு அது அப்படிக் கிடைக்கவில்லை. சிறுவயதில் 70 சதவீதத்துக்கு மேல் வெந்து பிழைத்து வளர்ந்த 80 பேரைப் பாஸ்டன் மருத்துவர்கள் தேடிப் பிடித்துக் கேட்டு, 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். சிலருக்கு உடல்ரீதியான குறைகள் நிலைத்துவிட்டிருந்தன. ஆனால் பெரும்பாலானோர் திருப்தியான வாழ்க்கையைத்தான் சொன்னார்கள். குடும்பம் எப்படித் தாங்கியது, எவ்வளவு சீக்கிரம் பழைய வாழ்க்கைக்குள் திரும்பினார்கள், பல துறை மருத்துவர்களின் பின்தொடர்தல் இருந்ததா என்பவைதான் வித்தியாசத்தைச் செய்திருந்தன. எதிர்ப்பக்கம் ஆசிட் வீச்சு. முகமும் கழுத்தும் மட்டும் என்றால் பத்து சதவீதத்தைக்கூடத் தொடாது. அந்தப் பெண்ணிடம் போய் இது சிறு காயம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது.

இந்த நல்ல மதிப்பெண்களைச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆள் தன் அளவுகோலையே மாற்றிக்கொண்டுவிடுகிறார், முன்பு பெரிதாக நினைத்தது இப்போது அவருக்குப் பெரிதில்லை, ஆகவே பதில் பழைய ஆளின் பதில் ஆகாது என்கிறார்கள். நம் ஊரில் இதோடு மரியாதையும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் கேட்டால் "பரவால்லங்க", ஊர்க்காரர் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்". தாம்பத்தியத்தைப் பற்றிய கேள்விகளை மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் என்ன பதில் வரும்? கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

இந்தச் சந்தேகத்தை அதன் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் என்று டெக்சாஸ்காரர் ஒருவரைச் சொல்வேன். டாக்ஸ் கவார்ட். விமானப்படையில் விமானியாக இருந்து திரும்பியவர், வயது 25. 1973 ஜூலையில் தந்தையோடு நிலம் பார்க்கப் போனார். பள்ளத்தில் குழாயிலிருந்து கசிந்த புரோபேன் வாயு தேங்கியிருந்தது தெரியாமல் காரைக் கிளப்பினார்கள். தந்தை மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்தார். மகனுக்கு உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு வெந்தது, இரு கண் பார்வையும் போயிற்று, விரல்கள் பெரும்பாலும் போயின. ஓடிவந்த விவசாயியிடம் அவர் கேட்டது துப்பாக்கி. மருத்துவமனையில் அவரைத் தினமும் கிருமிநாசினித் தொட்டியில் இறக்கிப் புண்ணைக் கழுவினார்கள். வேண்டாம், என்னைச் சாகவிடுங்கள் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வந்த மனநல மருத்துவர், தெளிவாகத்தான் இருக்கிறது என்றார். ஆனாலும் சிகிச்சை நிற்கவில்லை. அந்த உரையாடலின் படச்சுருள் இன்றும் மருத்துவ அறம் படிக்கும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்படுகிறது.

அவர் பிழைத்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார், திருமணம் செய்துகொண்டார், 2019 வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் எந்தத் தாளைக் கொடுத்திருந்தாலும் உயர்ந்த மதிப்பெண்ணே போட்டிருப்பார்; தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று மேடைகளிலேயே சொன்னவர் அவர். அதோடு இன்னொன்றையும் கடைசிவரை சொன்னார்: அன்று என் விருப்பத்துக்கு மாறாக எனக்கு வைத்தியம் செய்தது தவறு. 'இப்போது சந்தோஷமாகத்தானே இருக்கிறீர்கள்?' என்று கேட்டவர்களுக்கு அவர் அசைந்து கொடுக்கவில்லை. பின்னால் வந்த நல்ல வாழ்க்கையை முன்னால் நடந்த வதைக்கு ரசீதாகக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. எனக்கு அவர் சொன்னதில் நியாயம் தெரிகிறது. ஓர் ஆள் எட்டிப் பிடித்த நான்கு மதிப்பெண் அவருடையது. மருத்துவமனையோ சமூகமோ அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

நம் கணக்கில் வரவேண்டியது எது? இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்று ஒரு சிற்றூர். இரண்டாம் உலகப்போரில் விமானத்தீயில் முகமும் கையும் கருகிய விமானப்படையினருக்கு அங்கே மருத்துவம் நடந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ புது முறைகளில் அறுவை செய்துகொண்டிருந்தார். தங்கள்மேல் பரிசோதனை நடக்கிறது என்பதைக் கேலியாக்கி அந்த நோயாளிகள் 1941இல் கினி பிக் கிளப் என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். போர் முடியும்போது அதில் 649 பேர். காலில் காயம்பட்டவரைப் பொருளாளராகப் போட்டார்களாம், பணத்தோடு ஓட முடியாதே. விரல் வெந்தவரைச் செயலாளராக்கினார்களாம், நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டியதில்லையே. மெக்கிண்டோ அறுவையோடு நிற்கவில்லை. நோயாளி உடுப்பைத் தூக்கியெறிந்து அவர்களை விமானப்படைச் சீருடையிலேயே ஊருக்குள் அனுப்பினார். இவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பார்வையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஊராரிடம் பேசி வைத்தார். முறைத்துப் பார்க்காத ஊர் என்று அதற்குப் பெயர் வந்தது.

தன் உருவம் பற்றியும் உறவு பற்றியும் அந்தத் தாள் கேட்கும் கேள்விகளை ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டை வைத்துப் பார்த்தால் அவற்றின் கோளாறு தெரியும். என் தழும்பு பிறருக்கு அருவருப்பாக இருக்கிறதென்று நினைக்கிறேனா, வீட்டார் என்னிடம் நடந்துகொள்ளும் விதம் பிடிக்கவில்லையா என்று வெந்தவரிடம் கேட்டு, மதிப்பெண்ணையும் அவர் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. பக்கத்தில் வந்து உட்காரும் ஒரே ஆளும் "எப்படிம்மா ஆச்சு? நீயா ஊத்திக்கிட்டியா?" என்று கேட்கிறார். அவருக்கு இரண்டு மதிப்பெண் குறைகிறது. இது யார் வாங்கிய மதிப்பெண்? இந்தத் தலைப்புகளில் ஊரையும் வீட்டையும் உட்கார வைத்து விடை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டோடு நம்மை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பதும் உண்மைதான். அவர்கள் போர்வீரர்கள், காயமே பதக்கம். இங்கே சேலையில் தீப்பிடித்து வந்தவள்மேல் முதலில் விழுவது சந்தேகம். 'ஸ்டவ் வெடித்துவிட்டது' என்ற வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை. எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.

எழுதிக்கொள்வதில் ஒன்று மட்டும் ஒழுங்காக நடக்கிறது: மரண வாக்குமூலம். மாஜிஸ்திரேட் வருவார், நினைவு தெளிவாக இருக்கிறதென்று டாக்டர் சான்று தருவார், கேள்வி கேட்டு எழுதி ரேகை வாங்குவார்கள். இறந்துவிட்டால் அந்தக் காகிதம் கோர்ட்டில் அவளுக்காகப் பேசும். பிழைத்துவிட்டால் மரண வாக்குமூலம் என்ற தகுதி அதற்குப் போய்விடும். முன்பு கொடுத்த ஒரு வாக்குமூலம் என்ற அளவில்தான் மிஞ்சும். இனி அவளே கூண்டேறி, அதே கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டே, நடந்ததைச் சொல்ல வேண்டும். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக வந்த 2023 சட்டத்திலும் அப்படித்தான். சாகிறவளிடம் கேட்க அரசிடம் முறை இருக்கிறது. பிழைத்தவளிடம் ஆறு மாதம் கழித்து, இரண்டு வருஷம் கழித்துக் கேட்க ஒரு தாளும் இல்லை. கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். காயத்தோடு தப்பிய 18 குழந்தைகள் என்ற எண் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று முப்பது தாண்டியிருக்கும்.

முயற்சியே இல்லை என்று சொல்லக்கூடாது. சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களோடு பல வருஷமாக வேலை செய்கிறது. அவர்களில் சிலர் ரைட்டர்ஸ் கஃபே என்ற உணவகத்தில் பேக்கரி வேலை பழகிச் சம்பளத்துக்கு வந்தார்கள். ஓவன் முன்னால் நின்று வேலை செய்ய அவர்களால் முடிந்தது என்பதை எந்த அளவுகோலும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

அரசு வைத்திருக்கும் அளவுகோல் கோணமானி. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்து அசைவுக் குறைபாட்டுக்குச் சதவீதம் போடுவார்கள். 40 வந்தால்தான் பெரும்பாலான சலுகை. கழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டவருக்கு எண் கிடைக்கும். அறுவை செய்து கழுத்து நிமிர்ந்துவிட்டால் எண் இறங்கிவிடும். முகம் அப்படியேதான் இருக்கும், வேலைக்கு எடுக்காதவர்களும் அப்படியேதான் இருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களைப் பெயர் சொல்லி அட்டவணையில் சேர்த்தது. முகத்தின் தழும்பும் வாழ்க்கையை முடக்கும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அந்தப் பிரிவின் விளக்கம் அமிலத்தையும் அதுபோல் அரிக்கும் பொருளையும் மட்டுமே சொல்கிறது. மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் அதில் இல்லை. அட்டவணையில் புதிதாக ஒன்றைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது.